அடி எடுத்துக் கொடுக்க மாட்டேன்

ஐயா,

நீ போன் செய்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இதற்குள் இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் எழுதியதை உரக்க வாசித்துப் பார்த்தேன். மேடையில் நின்று பேசுவது போலவே இருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்தது. மற்ற இரண்டும் அதே லட்சணம்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு மேடைப் பழக்கம் கையெழுத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் எங்காவது நான் நடிப்பதாக உனக்குப் பட்டால் அந்த வரியை அடித்துவிட்டு மேலே படி. கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாய் கடைக்கு நீ போன் செய்வதே அபூர்வம். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து உனக்குக் கடிதம்தான் தோது. அதனால் பாய் ஆளனுப்பிக் கூப்பிட்டதும் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துச் சட்டைகூடப் போடாமல் ஓடினேன். எடுத்தால் உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ‘அ’ என்று தொடங்கி நின்றாய். நான் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தேன். நீ முடிப்பதற்குள் நான் முடித்தேன். உன் கல்யாணத்தில் நான் பேச வேண்டும், அதுதானே, எல்லாம் எழுதி வைத்தாயிற்று, பத்தே நிமிடம்தான் என்று அளந்துகொண்டே போனேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பாய் கல்லாவில் இருந்து எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

“அப்பா, நீங்க பேச வேண்டாம். நான் பேசிக்கிடுதேன்.”

வீட்டுக்கு வரும்போது எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எந்த மண்டபத்தில் மைக் வைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் யாருடைய கல்யாணத்திலோ வாழ்த்தும் நன்றியும் சொன்ன எனக்கு, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் வாய்ப்பூட்டா என்று உன் அம்மாவிடம் குதித்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “இதக் கேக்க அவனுக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு” என்றாள். பிறகு கையை நிறுத்திவிட்டு, “ஒங்கள அப்பான்னா கூப்ட்டான்?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. ஏழு வயதிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் பிள்ளைகள் அவர்கள் அப்பாவை நைனா என்பார்கள். அதைக் கேட்டு நீயும் என்னை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாய். நமக்குத் தெலுங்கு தெரியாது, ஜாதி வேறு, ஆனாலும் என் மகன் என்னை நைனா என்கிறான் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். உனக்குத் திக்கும், ‘ப’ வரவே வராது என்பது எனக்குத் தெரியும். ‘ப’ வருகிற சொல்லையெல்லாம் விட்டுவிட்டு நீ வேறு வழியாகச் சுற்றிப் போவாய் என்பதும் தெரியும். பால் என்று கேட்கமாட்டாய், வெள்ளை என்பாய். அவ்வளவும் தெரிந்தவனுக்கு, அப்பா என்ற சொல்லையும் நீ அப்படித்தான் சுற்றிப் போகிறாய் என்று தெரியாமல் போயிற்று. தெரியாமல் போயிற்று என்பதுகூடப் பாதிப் பொய். தெரிந்துகொள்ள நான் நின்று பார்க்கவில்லை.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகச் சொல்கிறேன். நான் நாடகத்துக்குள் நடிகனாக நுழையவில்லை. தளவாய்புரம், சேத்தூர் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் நாடகங்களில் பக்கத் திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு நிற்பவன் நான். நடிகர்கள் வசனம் மறந்து நின்றால் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் கூட்டம் கூச்சல் போடும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். எதிரே நிற்பவனின் உதடு எப்படிக் குவிகிறது என்று பார்த்தே அடுத்த சொல்லைக் கொடுத்துவிடுவேன். மனிதன் நிறுத்தினால் அந்த இடத்தை நான் நிரப்ப வேண்டும் என்பது அப்போது பிடித்த வியாதி. பிறகு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயுத பூஜைக்கு மில்லில் தொழிலாளர் நாடகம் உண்டு. அதில் எனக்கு ஒரு வாட்ச்மேன் வேடம், நாலே நாலு வசனம்.

உனக்கு அப்போது ஐந்து வயது. திக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். சொல் வராதபோது வலது கையால் தொடையில் தட்டுவாய். ஒன்று, இரண்டு, மூன்றாவது தட்டுக்குக் கண்ணை இறுக்கி மூடுவாய், சொல் வெளியே வந்துவிடும். உனக்கு நீயே கண்டுபிடித்த வழி அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையைப் பார்க்கும் தகப்பன் என்று நீ நினைத்திருப்பாய். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் நடிகன் ஒருவனைப் பார்க்க ஆரம்பித்தால் அதில் பாதி திருட்டு. கை எந்த உயரத்தில் எழுகிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் கணக்காக எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆயுத பூஜைச் சாயங்காலம் நாடகம் எடுபடவே இல்லை. முன்வரிசையில் அதிகாரிகள் கொட்டாவி விட்டார்கள். ஆபீசில் தீப்பிடித்துவிட்டது என்று முதலாளியிடம் ஓடிவந்து சொல்வதுதான் என் காட்சி. நான் ஓடிவந்தேன், கூட்டத்தைப் பார்த்தேன். ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். தொடையில் தட்டினேன். பந்தலே அதிர்ந்தது. ‘பத்திக்கிச்சு’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓட்டினேன். நீ அம்மா மடியில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிச் சிரித்தாய். அது நீதான் என்று உனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ தூங்கிவிட்டாயா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே அவன நடிச்சுக் காட்டாதீய. மாலை போட்டாலும் வேண்டாம்.” நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த வருடமும் செய்தேன், அதற்கடுத்த வருடமும் செய்தேன். அடுத்த வருடம் நீ சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த வருடம் நாடகத்துக்கு வரவில்லை. நைனா என்று கூப்பிட்டதும் அந்த வருடம்தான்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்த நல்லதெல்லாம் அந்த மூன்று தட்டில் நடந்தது. டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது என்னைப் பார்த்துத் தொடையில் தட்டுவான். டீக்கடையில் தட்டுவார்கள். மில் வேலை ஆட்டங்கண்டபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு நாடகம் பழக்க ஆள் தேடினார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது நடித்துக் காட்டச் சொன்னார். என்ன நடித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் அன்றிலிருந்து சார் ஆனேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நாடகம் பழக்க வேண்டும். உன்னையும் அந்தப் பள்ளியிலேயே சேர்த்தேன். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வருவேன், நீ ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வருவாய். அமைதியான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆயிற்று. நீ எட்டாம் வகுப்பு. மாவட்ட நாடகப் போட்டிக்கு அந்த வாட்ச்மேன் காட்சியையே பெரிதாக்கி எழுதினேன். வேடத்துக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க மதியம் எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னேன். நீயும் வந்து வரிசையில் நின்றாய். எனக்கு ஆச்சரியம், கொஞ்சம் எரிச்சலும்கூட. உன் முறை வந்தது. நீ மேடையேறி ஒரு பக்க வசனத்தையும் கடகடவென்று சொன்னாய். பத்திக்கிச்சு, பாருங்க, போங்க, எல்லாச் சொல்லும் எங்கேயும் நிற்காமல் வந்தன. தட்டல் இல்லை. பிறத்தியார் வேடத்துக்குள் போய்விட்டால் திக்குகிறவர்களுக்குத் திக்காது என்று பல வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில் டாக்டர் ஒருவர் சொல்லக் கேட்டேன். அது தெரியாமலேயே நீ கண்டுபிடித்து வந்திருந்தாய். எத்தனை நாள் குளியலறைக்குள்ளும் மொட்டை மாடியிலும் சொல்லிப் பார்த்தாயோ, ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாய். அந்த முகத்தை நான் இன்று வரை எந்த நடிகனிடமும் பார்க்கவில்லை.

நான் நாடக ஆசிரியன் அல்லவா. “எல்லாம் சரி, திக்கல் வரலையே” என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? மேடையேறி உன் பக்கத்தில் நின்று செய்து காட்டினேன். உதட்டைச் சேர்த்துவை, கழுத்தை இந்தப் பக்கம் சாய், ஒன்று, இரண்டு, மூன்றாவதற்குக் கண்ணை மூடு என்று உனக்கே பாடம் நடத்தினேன். பையன்கள் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன், “சார், அவன் நெசமாவே அப்படித்தான் சார் பேசுவான்” என்றான். ஹாலே சிரித்தது. நீ எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்: “அது வராமச் சொல்லிக் காட்டத்தான் வந்தேன் நைனா.”

கீழே இறங்கிப் போனாய். நான் அடுத்த பையனைக் கூப்பிட்டேன். என்ன மனிதன் நான் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன், அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. மணி அடிக்கப் போகிறதே, அதற்குள் ஆள் முடிவாக வேண்டுமே என்பதுதான் என் கவலை. உன் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வேடம் கிடைத்தது. அவன் நன்றாகச் செய்தான். உன்னைப் பார்த்துப் பார்த்துப் பழகினான் என்பது எனக்குத் தெரியும், நான் தடுக்கவில்லை. முதல் பரிசுக் கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்தேன். நீ தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தாய்.

அதற்குப் பிறகு நான் இன்னும் பெரிய ஆளானேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எழுத்தறிவுக்காகத் தெருத் தெருவாக நாடகம் போட்டோம். கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு என்று ஜீப்பில் சுற்றினேன். பிறகு ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள், வகுப்பில் நாடகத்தை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று. குழந்தையின் குறையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசுவேன். கண் கலங்கும்படி பேசுவேன். ஒரு முகாமில் அப்படிப் பேசி முடித்ததும் டீ நேரத்தில் யாரோ, சார் அந்த வாட்ச்மேனை ஒரு தடவை என்று கேட்டார்கள். உடனே செய்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், எல்லோரும் போகும் வரை காத்திருந்து என்னிடம் வந்தார். தன் மகனுக்கும் திக்கல் என்றார். கோயில் கொடையில் என் வாட்ச்மேன் நாடகத்தைப் பார்த்துவிட்டு அவனோடு படிக்கிற பிள்ளைகள் அவனைக் கண்டதும் தொடையில் தட்டுகிறார்களாம். குற்றம் சாட்டும் குரலே இல்லை. “நீங்க இத எங்க சார் பாத்தீய? அம்புட்டு அச்சா எங்க பிள்ள மாதிரியே இருக்கு” என்று மட்டும் கேட்டார்.

என் மகனிடம் என்று நான் சொல்லவில்லை ஐயா. மதுரையில் ஒரு ஆளைப் பார்த்தேன் என்று சொன்னேன். எல்லாவற்றிலும் எனக்கு அதிக வெட்கம் இதில்தான். மேடையில் செய்தது புத்தியில்லாமல் செய்தது. ஹாலில் செய்தது அவசரத்தில் செய்தது. இதைத் தெரிந்தே செய்தேன். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் வரும்போது எல்லாம் விளங்கிவிட்டது. நைனாவும் விளங்கியது. நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம், வீட்டில்தான் இருந்தாய். வந்த கையோடு உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு யார் வாட்ச்மேன் கேட்டாலும் தொண்டை சரியில்லை என்று இருமிக் காட்டினேன். அதுவும் நடிப்புதான். மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன். இத்தனை வருடம் ஓடிவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் பட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெண்டாட்டியோ பிள்ளையோ பேசும்போது அவர்கள் வாக்கியத்தை நீ முடிக்காதே. என்னைப் போல் வேகமாகப் பேசுகிறவனுக்குத்தான் இந்தப் புத்தி தேவை, உனக்குத் தேவைப்படாது என்று எழுதும்போதே தோன்றுகிறது. நீ நிறுத்தி நிறுத்திப் பேசியதால்தானோ என்னவோ மற்றவர்கள் பேசும்போது காத்திருக்கக் கற்றிருக்கிறாய். பெண் பார்க்க வத்திராயிருப்புக்குப் போனபோது கவனித்தேன். அந்தப் பெண் கூச்சத்தில் பாதியில் நிறுத்தினாள். நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்காலில் கை வைத்தாய். அவள் முடித்தாள். அவளுக்கு உன்னைப் பிடித்துப் போனது அந்த இடத்தில்தான் என்று உன் அம்மா சொல்கிறாள்.

இந்த ஒன்பது நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மில் ஆட்கள் வருவார்கள், பள்ளிக்கூடத்தார் வருவார்கள். நீ மைக் முன்னால் நின்று திக்கினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள். அதனால் பத்திரிகை வைக்கப் போகிற வீட்டிலெல்லாம், அந்தத் திக்கல் என் மகனுடையது, அவனைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு வருகிறேன். முதல் வீட்டில் சொல்லும்போது எனக்கே வார்த்தை வரவில்லை. கூட நடித்த மேஸ்திரி நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். நேற்று பஸ்ஸில் அந்தக் கண்டக்டர், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, பழைய ஞாபகத்தில் தொடையில் தட்டினான். பஸ் நிறைய ஆட்கள். எல்லோரும் கேட்க அவனிடமும் சொன்னேன். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டான். “தெரியாம தட்டிட்டேன் சார், அந்தத் தம்பி என் பஸ்ஸுலதான சார் வரும்” என்றான். இதனால் எதுவும் திரும்பி வந்துவிடாது என்பது தெரியும். உன்னிடம் சொல்வதற்கு முன் ஊரில் சொல்லிவிட்டேனே என்றும் இப்போது உறுத்துகிறது. அதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்திருக்கிறேன்.

கேடயத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடம் தூசி படியாமல் வட்டமாகத் தெரிகிறது. அம்மா அலமாரியைத் துடைக்க மாட்டேன் என்கிறாள், என்னையே துடைக்கச் சொல்கிறாள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டும் என்று அவசரமில்லை. நைனா என்று கூப்பிடுவது உனக்கு லேசாக இருந்தால் அப்படியே கூப்பிடு, எனக்குக் குறையில்லை. அன்றைக்குப் போனில் நீ அப்பா என்ற சொல்லைச் சுற்றிப் போகாமல் நேர் வழியாக வந்தாய். ‘மைக்கைத் தொடாதீங்க’ என்று சொல்லியிருந்தால் உனக்கு எளிதாக முடிந்திருக்கும். பேச வேண்டாம் என்றுதான் சொன்னாய். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று மேடையில் இத்தனை வருடம் நின்ற எனக்குத் தெரியும்.

முகூர்த்தம் முடிந்து நீ மைக்கைக் கையில் வாங்கும்போது நான் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் இருப்பேன். நீ சொல் வராமல் நிற்கும் இடத்தில் நானும் காத்திருப்பேன். உன் உதடு குவிவதைப் பார்த்ததும் அடுத்த சொல் என் வாய்க்குள் வந்துவிடும், அதைத் தடுக்க முடியாது, நாற்பது வருடப் பழக்கம். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் ஐயா. நீ தொடையில் தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, பந்திச் சோறு ஆறினாலும் சரி, நான் அடி எடுத்துக் கொடுக்க மாட்டேன். நீ சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா